கோடையில் உயிரினங்களின் உடல்: வாசகர் கேள்வி – பதில்

இவ்விதழுக்காக வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் வெப்பத்தையும் தண்ணீரையும் பற்றியே கேட்டிருந்தன. வன்னியில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கித் தை வரையான சில மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. வைகாசி முதல் புரட்டாதி வரை காய்ந்த காற்று வீசி, குளங்களையும் புல்வெளிகளையும் வறட்டி எடுக்கிறது. ஆகவே, இங்கு வாழும் உயிரினம் ஒவ்வொன்றும் ஒரே நிலத்தில் வெள்ளத்தையும் வறட்சியையும் மாறி மாறிச் சந்திக்கிறது. அதன் உடலை விளங்கிக்கொள்ள விரும்புபவர், அது தண்ணீரை எவ்வாறு பெறுகிறது, எவ்வாறு இழக்கிறது, வெப்பத்தை எவ்வழியாக வெளியேற்றுகிறது என்று கேட்டுத் தொடங்குவதே நேரான வழி என்பது என் கருத்து.

கேள்வி: எங்கள் ஊர்ச் சிறுகுளம் ஆவணியில் முற்றாக வற்றி வெடித்துக் கிடந்தது. மழையில் நிரம்பிச் சில வாரங்களே ஆன நிலையில் விராலும் கெளிறும் பிடிபடுகின்றன. யாரும் மீன்குஞ்சு விடவில்லை. மீன்கள் மழையோடு வானத்திலிருந்து விழுகின்றன என்று பெரியவர்கள் சொல்வது உண்மையா? (வாசகர், விசுவமடு)

வானத்தில் தேட வேண்டியதில்லை. அவற்றுள் ஒரு பகுதி குளத்தின் அடிச்சேற்றிலேயே இருந்திருக்கும். மற்றப் பகுதி வெள்ளத்தோடும் ஈரநிலத்தின் வழியாகவும் வந்திருக்கும்.

முதலில் இம்மீன்கள் மூச்சுவிடும் முறையைப் பார்ப்போம். ஒரு லீற்றர் காற்றில் ஏறத்தாழ 210 மில்லிலீற்றர் ஒட்சிசன் இருக்க, 30 பாகை வெப்பமுள்ள ஒரு லீற்றர் நன்னீரில் கரைந்திருக்கக்கூடியது ஏறத்தாழ 6 மில்லிலீற்றர் மட்டுமே. கோடையில் குளம் சுருங்கி, நீர் சூடேறி, இலைகுழைகள் அழுகத் தொடங்கும்போது அந்தச் சிறிய அளவும் இல்லாமற் போகிறது. செவுளை மட்டும் நம்பியிருக்கும் மீனுக்கு அதன்பின் வழியில்லை. விராலுக்கோ செவுளுக்கு மேலே, தலையின் இரு பக்கங்களிலும், காற்றை வாங்கி வைத்துக்கொள்ளும் அறைகள் உண்டு. அவற்றின் சுவர்களில் குருதிக்கலன்கள் நெருக்கமாக ஓடுவதால், வாயால் எடுத்த காற்றிலிருந்து ஒட்சிசன் நேரடியாகக் குருதியில் சேர்கிறது. வளர்ந்த விரால் இந்தக் காற்றில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்றால், மேற்பரப்புக்கு வரவிடாமல் அதனை நீருக்குள் அடைத்து வைத்தால் அது மூச்சுத் திணறி இறந்துவிடும். முள்ளால் கொட்டும் கெளிற்றில் செவுளறையிலிருந்து முதுகுத் தசைகளுக்கிடையே பின்னோக்கி நீளும் இரண்டு காற்றுப் பைகள் அதே வேலையைச் செய்கின்றன. பனையேறிக் கெண்டையில் மடிப்பு மடிப்பான மெல்லிய எலும்புத் தகடுகளின் மேல் சவ்வு படர்ந்து, சிறிய இடத்துக்குள் பெரிய பரப்பை உண்டாக்கியிருக்கிறது. சாதாரணச் செவுள் காற்றில் பயன்படாமற் போவதற்குக் காரணம், அதன் மெல்லிய இழைகள் நீரின் தாங்கல் இல்லாதபோது ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்துவிடுவதே. இந்த அறைகளும் தகடுகளும் அவ்வாறு ஒட்டிப்போகாதவை.

குளம் வற்றும்போது விரால் சேற்றைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்குகிறது. மேலே பாளம் பாளமாக வெடித்திருக்கும் மண்ணுக்குக் கீழே நெடுநாள்வரை ஈரம் நிற்கும். அங்கே அது அசையாமல், உண்ணாமல், உடலில் சேர்த்து வைத்த கொழுப்பைச் சிறிது சிறிதாகச் செலவிட்டுக்கொண்டு கிடக்கிறது. பசியைவிடக் கடினமான இடர் ஒன்றும் அங்கே உண்டு. புரதம் சிதையும்போது உண்டாகும் நச்சான அமோனியாவை நீரில் வாழும் மீன் செவுள் வழியாகவே வெளியேற்றிவிடுகிறது. சேற்றுக்குள் அதற்குத் தேவையான நீர் இல்லை. அசையாமலும் உண்ணாமலும் கிடப்பதால் அமோனியா உண்டாகும் அளவே குறைந்துவிடுகிறது. பனையேறிக் கெண்டையோ சக்தியைச் செலவிட்டு அமோனியாவை உடலுக்கு வெளியே தள்ளவும் வல்லது. ஆபிரிக்காவின் நுரையீரல் மீன் வேறொரு வழியைக் கையாள்கிறது: அது அமோனியாவை நச்சுத்தன்மை குறைந்த யூரியாவாக மாற்றி உடலுக்குள்ளேயே சேமித்து, தன் சளியால் ஆன உறைக்குள் பல மாதங்கள் உறங்குகிறது. நம் மீன்களுக்கு அத்தகைய உறை கிடையாது. ஆகவே சேறு அடிவரை காய்ந்துவிட்டால் அவை பிழைப்பதில்லை. குளம் திருத்தும் வேலைகளைச் செய்பவர்கள், அடித்தளம் முழுவதையும் ஒரே மட்டமாக வெட்டிவிடாமல், ஈரம் தங்கக்கூடிய ஆழமான மடு ஒன்றையேனும் விட்டுவைக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்வதற்குக் காரணம் இதுவே.

இரண்டாவது வழி நிலத்தின் மேலானது. பெருமழை பெய்து வான் பாயும்போது குளங்களும் வாய்க்கால்களும் வயல்களும் ஒரே நீர்ப்பரப்பாக இணைந்துவிடுகின்றன. மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து மேலேறுகின்றன. நீர் தொடர்ந்து இல்லாத இடத்திலும் பனையேறிக் கெண்டை, செவுள் மூடியின் முள் விளிம்பை மண்ணில் ஊன்றி, வாலை உதைத்து உதைத்து முன்னே நகர்கிறது. உடலில் ஈரம் இருக்கும்வரை அது பல மணி நேரம் வெளியே உயிரோடிருக்கும். மழை இரவுக்கு மறுநாள் காலையில் வீதியோரத்தில் மீனைக் கண்டவர்கள் அது மேலிருந்து விழுந்ததாக எண்ணியதில் வியப்பில்லை.

இதே குளத்தில் திலாப்பியாவைத் தேடிப் பாருங்கள். ஆபிரிக்காவைச் சேர்ந்த இம்மீன் 1952 ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. தாய் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள் வைத்துக் காப்பதால் பெரிய குளங்களில் அது மிக வேகமாகப் பெருகியது. ஆனால் காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு அதற்கில்லை. ஆண்டுதோறும் முற்றாக வற்றும் சிறுகுளத்தில் திலாப்பியா தென்பட்டால், அது வெள்ளத்தோடு வந்ததாகவோ மனிதர் விட்டதாகவோதான் இருக்க முடியும்.

கேள்வி: கிணற்றுத் தொட்டியின் உட்சுவரில் வெள்ளை நுரை உருண்டை ஒன்று ஒட்டியிருக்கிறது. சவர்க்கார நுரைபோல் தோன்றினாலும் கரையவில்லை. அது என்ன? (இல்லத்தரசி, மாங்குளம்)

அது மரத்தவளையின் முட்டைக்கூடு. பெண் தவளை முட்டையிடும்போது சுரக்கும் நீர்மத்தைப் பின்னங்கால்களால் அடித்து நுரையாக்குகிறது. நுரையின் வெளிப்புறம் காய்ந்து தோலாகிவிட, உள்ளே ஈரமும் காற்றும் நிற்கின்றன. அதனால் குளமும் குட்டையும் நிலையாக இல்லாத நாட்களிலும் முட்டைகள் நீருக்கு வெளியே பாதுகாப்பாக வளர்கின்றன. சில நாட்களின்பின் நுரை இளகி, தலைப்பிரட்டைகள் கீழேயுள்ள நீரில் விழுகின்றன. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. வயிற்றின் அடிப்பகுதித் தோலை ஈரமான இடத்தில் பதித்து அதன் வழியாகவே நீரை உறிஞ்சுகிறது. மழை வந்ததும் அது உங்கள் குளியலறைத் தரையில் ஒட்டி உட்கார்ந்திருப்பது இதற்காகவே. அந்த நுரையைத் துடைக்காமல் ஒரு வாரம் விட்டுவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் நாட்டு மாடுகளும் ஒரு ஜேர்சிக் கலப்புப் பசுவும் சில எருமைகளும் உள்ளன. கோடையில் நாட்டு மாடு வெயிலிலும் மேய்கிறது, கலப்புப் பசு நிழலில் நின்று மூச்சு வாங்குகிறது, எருமையோ சேற்றை விட்டு எழுவதே இல்லை. மூன்றும் மாட்டினம்தானே, ஏன் இந்த வேறுபாடு? (பால் பண்ணையாளர், ஒட்டுசுட்டான்)

நீங்கள் கூர்ந்து பார்த்திருக்கிறீர்கள். வேறுபாட்டின் வேர் இரண்டு இடங்களில் இருக்கிறது: உடல் உள்ளே எவ்வளவு வெப்பத்தை உண்டாக்குகிறது என்பதும், அதனைத் தோல் எவ்வளவு விரைவாக வெளியேற்றுகிறது என்பதும்.

அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பை வளர்ந்த பசுவில் 100 லீற்றருக்கும் மேல் கொள்ளும். அதற்குள் கோடிக்கணக்கான நுண்ணங்கிகள் வைக்கோலையும் புல்லையும் நொதிக்கச் செய்துகொண்டே இருக்கின்றன. அதிலிருந்து வெப்பம் பிறக்கிறது. பாலைச் சுரப்பதற்கான அனுசேபமும், அதாவது உடலுக்குள் நடக்கும் வேதிமாற்றங்களும், வெப்பத்தைத் தருகின்றன. பால் கூடக் கூட உள்வெப்பமும் கூடும். ஜேர்சி, பிறீசியன் இனங்கள் ஐரோப்பாவின் குளிர்ந்த புல்வெளிகளில் உருவானவை. அங்கே உள்வெப்பம் சுமையாக இருந்ததில்லை. திமிலும் தொங்கும் கழுத்துத் தோலும் உடைய நம் நாட்டு மாடு குறைவாக உண்டு, குறைவாகப் பால் தந்து, குறைவான வெப்பத்தையே உண்டாக்குகிறது. அதன் உரோமம் குட்டையாகவும் வழுவழுப்பாகவும் இருக்கிறது, வியர்வைச் சுரப்பிகளும் நன்கு வேலை செய்கின்றன. வியர்வை குளிர்ச்சி தருவது மண்பானைத் தண்ணீர் குளிர்வதைப் போன்றதே: கசிந்த நீர் ஆவியாகும்போது வெப்பத்தைத் தன்னோடு எடுத்துச் செல்கிறது. ஒரு லீற்றர் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோயூல் வெப்பம் வேண்டும். பசுவின் இயல்பான உடல்வெப்பம் 38.5 பாகை அளவிலானது. வெளிக்காற்றும் அதனை நெருங்கும்போது, வெப்பத்தை வெளியேற்ற ஆவியாதலைத் தவிர வேறு பெரிய வழி கிடையாது.

எருமையின் நிலை இன்னும் கடினமானது. கறுத்த தோல் வெயிலை அதிகமாக உள்வாங்குகிறது. மறைக்கும் உரோமமோ ஐதானது. வியர்வைச் சுரப்பிகள் மாட்டை விட மிகக் குறைவு. ஆகவே ஆவியாக வேண்டிய நீரை அது வெளியிலிருந்து பெற்றுக்கொள்கிறது. வெறும் தண்ணீர் உடலில் ஊற்றியவுடன் வழிந்துவிடும். சேறு ஒட்டிக்கொண்டு மெல்ல மெல்லக் காய்வதால் குளிர்ச்சி நெடுநேரம் நிற்கிறது, வெயிலும் இலையான்களும் தோலை அணுகுவதும் குறைகிறது. எருமை சேற்றில் கிடப்பதைச் சோம்பல் என்று சொல்பவர்கள் அதன் உடலை அறியாதவர்கள். சேறு கிடைக்காத எருமை தீனைக் குறைக்கும், பால் குறையும், வேட்கை வெளிப்படாமல் சினைப்பிடிப்பதும் தவறும். வயலோரத்துச் சேற்றுக் குழியை மூடிவிட்டு எருமை வளர்ப்பது நியாயமான வளர்ப்பாக எனக்குத் தோன்றவில்லை. குழிக்கு இடமில்லையென்றால் நாளின் வெப்பமான வேளையில் பல தடவை உடலை நனைத்து விட வேண்டும்.

உங்கள் கலப்புப் பசுவுக்குத் தீனின் பெரும்பகுதியை மாலையிலும் அதிகாலையிலும் கொடுத்துப் பாருங்கள். உண்ட சில மணி நேரத்தின் பின்பே இரைப்பையின் வெப்பம் உச்சத்தை அடைகிறது. காலை எட்டு மணிக்குக் கொடுத்த தீன் நண்பகல் வெயிலோடு சேர்ந்து அதனை வருத்தும். குடிநீர் எப்போதும் நிழலில் இருக்க வேண்டும். பாலில் ஏறத்தாழ 87 வீதம் நீர் என்பதால், தாகத்தோடு நிற்கும் பசுவிடம் பாலை எதிர்பார்க்க இயலாது.

கேள்வி: யானை ஓயாமல் காதை ஆட்டுவதும் மண்ணை அள்ளி முதுகில் போடுவதும் ஏன்? காட்டில் இவ்வளவு மரம் செடி இருந்தும் அது ஏன் எங்கள் வேளாண்மைக்கு வருகிறது? (விவசாயி, நெடுங்கேணி)

உடல் பெரிதாகப் பெரிதாக, வெப்பத்தை உண்டாக்கும் கனஅளவு விரைவாகக் கூடுகிறது. அதனை வெளியேற்றும் தோற்பரப்பு அந்த வேகத்தில் கூடுவதில்லை. ஒரு தொன்னுக்கு மேல் எடையுள்ள எந்த விலங்குக்கும் இது பெரும் இக்கட்டு. யானைக்கோ நகங்களைச் சுற்றிய பகுதியைத் தவிர வேறெங்கும் வியர்வைச் சுரப்பி கிடையாது. மெல்லிய காதின் பின்புறத்தில் குருதிக்கலன்கள் பரந்து கிடக்கின்றன. வெப்பம் கூடும்போது அவை விரிந்து, காது அசைய அசைய அதனூடாக ஓடும் குருதி குளிர்ந்து உடலுக்குத் திரும்புகிறது. நீரையும் சேற்றையும் தோலில் தேக்கி ஆவியாக விடுவதும் அதன் முறையே. ஆபிரிக்க யானையின் தோலில் உள்ள நுண்ணிய வெடிப்புகள், வழுவழுப்பான தோலை விட 5 முதல் 10 மடங்கு நீரைப் பிடித்து வைக்கின்றன என்று 2018 இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் ஆசிய யானையின் தோல் அவ்வளவு வெடிப்புடையதன்று, ஆனால் அது நிழலும் ஈரமும் மிகுந்த காடுகளின் விலங்கு. தூவிய மண் வெயிலையும் பூச்சிகளையும் தடுக்கிறது. இவற்றோடு, பகலில் சேரும் வெப்பத்தின் ஒரு பகுதியை உடலுக்குள்ளேயே தாங்கி வைத்து, குளிர்ந்த இரவில் வெளியே விடும் திறனும் யானைக்கு உண்டு. தாய்லாந்தின் யானைகளில் இது அளந்து அறியப்பட்டிருக்கிறது. இரவில் அது நெடுந்தூரம் நடப்பதற்கு மனிதரைத் தவிர்ப்பது மட்டும் காரணமன்று.

உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடை குடலில் இருக்கிறது. மாடு உணவை முன்வயிற்றில் நொதிக்கவிட்டு, மீண்டும் மென்று, பெரும்பகுதியைச் செரித்துக்கொள்கிறது. யானை அசைபோடுவதில்லை. அதன் நொதித்தல் பெருங்குடற் பகுதியிலேயே நடைபெறுகிறது. உணவு விரைவாகக் கடந்து போவதால் உண்டதில் பாதிக்கும் குறைவாகவே செரிக்கிறது. அந்தக் குறையை அளவால் ஈடுசெய்ய, வளர்ந்த யானை நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோகிராம் தீனையும் 100 லீற்றருக்கு மேற்பட்ட நீரையும் தேடி, நாளின் பெரும்பகுதியை மேய்வதிலேயே கழிக்கிறது. நார் மிகுந்த காட்டுப்புல்லோடு ஒப்பிட்டால், கதிர் முற்றிய நெல்லில் ஒவ்வொரு வாய்க்கும் கிடைக்கும் சத்து பல மடங்கு. காலபோக வேளாண்மையை ஒரே இரவில் இழந்த குடும்பத்தின் வேதனையை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் யானையை அங்கே இழுத்து வருவது கொழுப்போ பகையோ அன்று என்பதைத் தெரிந்துகொண்டால், வேலியை எங்கே அமைப்பது, எந்த நீர்நிலைக்குச் செல்லும் வழியைத் திறந்து விடுவது என்பவற்றை இன்னும் தெளிவாகச் சிந்திக்கலாம்.

மற்றொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். காவலிருக்கும்போது ஓசையே இல்லாமல் யானைக் கூட்டம் ஒன்றாகத் திரும்பிப் போவதைப் பலர் கண்டிருப்பீர்கள். 1984 ஆம் ஆண்டில் கேற்றி பெயின் என்ற ஒலி ஆய்வாளர் அமெரிக்காவின் போர்ட்லண்ட் விலங்குப் பூங்காவில் ஆசிய யானைகளின் அருகே இருந்தபோது காற்றில் ஓர் அதிர்வை உணர்ந்தார். பதிவு செய்து பார்த்தபோது, அவை வினாடிக்கு 14 முதல் 24 வரையான அதிர்வுகளில், பெரும்பாலும் மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் ஒன்றையொன்று அழைப்பது தெரியவந்தது. தாழ்ந்த ஒலி மரங்களால் அதிகம் தடைப்படாமல் நெடுந்தூரம் செல்லும்.

கேள்வி: குளக்கட்டில் முதலை வாயைத் திறந்தபடி மணிக்கணக்கில் கிடக்கிறது. இரை பிடிக்கவா? அது பல மாதங்கள் உண்ணாமலும் இருக்குமாமே? (வாசகர், வவுனிக்குளம்)

இரை பிடிப்பதற்காக அன்று. முதலை தன் உடல்வெப்பத்தை உள்ளிருந்து உண்டாக்குவதில்லை. வெயிலிலும் நிழலிலும் நீரிலும் மாறி மாறிக் கிடந்து அதனைச் சரிசெய்கிறது. உடல் இன்னும் வெயிலை வேண்டும்போது தலை அளவுக்கு மீறிச் சூடாகாமல், திறந்த வாயின் ஈரச் சவ்விலிருந்து நீர் ஆவியாகி அதனைக் குளிர்விக்கிறது. உடலைச் சூடாக வைத்திருக்க உணவை எரிக்க வேண்டியதில்லை என்பதால், அதே எடையுள்ள முலையூட்டிக்குத் தேவையான உணவில் மிகச் சிறிய பங்கு அதற்குப் போதும். மாதக்கணக்கில் பட்டினி கிடப்பது உண்மையே. நம் குளங்களின் நன்னீர் முதலை, கோடையில் கரையில் ஆழமான வளை தோண்டி உள்ளே கிடக்கும். அதற்கும் வழியில்லாவிடில் இரவில் நிலத்தின் வழியாக வேறு நீர்நிலையைத் தேடி நடக்கும். வீதியில் காணப்படும் முதலை பெரும்பாலும் அப்படி இடம் மாறுவதாகவே இருக்கும். விலகி நின்று போகவிடுங்கள். அருகே சென்றாலும் கல்லெறிந்தாலும்தான் ஆபத்து. வற்றிச் சுருங்கிய குளத்தில் சிறுவரைக் குளிக்கவிடாதீர்கள்.

முதலைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை நிர்ணயிப்பது மணலுக்குள் புதைந்த முட்டையின் வெப்பமே. இந்த இனத்தில் 31 பாகையும் அதற்குக் கீழும் பெண் குஞ்சுகளையும், 32.5 பாகை அளவு பெரும்பாலும் ஆண் குஞ்சுகளையும் தருகின்றன. ஒன்றரைப் பாகைக்குள் இவ்வளவு பெரிய மாற்றம் நிகழ்வதால், கரையோர நிழல் மரங்களை வெட்டுவது முதலையின் எதிர்காலத்தையும் தொடுகிறது.

கேள்வி: வெங்கணாந்தி (மலைப்பாம்பு) ஒரு முறை விழுங்கிவிட்டு எத்தனை நாள் கிடக்கும்? அதன் வயிறு வெடிக்காதா? (மாணவி, தரம் 9, முள்ளியவளை)

வெடிக்காது, மகளே. இரையின் அளவுக்கும் இடைவெளிக்கும் ஏற்ப வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் அது உண்ணாமலிருக்கும். அந்தப் பட்டினி நாட்களில் அது தன் குடலைக் கூடச் சுருக்கி வைத்துக்கொள்கிறது என்பதே வியப்பு. பயன்படுத்தாத உறுப்பைப் பெரிதாக வைத்திருப்பதும் செலவுதான். நம் வெங்கணாந்திக்கு மிக நெருங்கிய உறவான பர்மிய மலைப்பாம்பில் இதனை ஆராய்ந்திருக்கிறார்கள். பெரிய இரையை விழுங்கியபின் அதன் அனுசேப வேகம் 40 மடங்குக்கும் மேல் உயரக்கூடும். சிறுகுடலின் எடை ஏறத்தாழ இரு மடங்காகும். இதயமும் இரண்டு நாட்களுக்குள் ஏறத்தாழ 40 வீதம் தடித்துவிடும். இரை செரித்து முடிந்ததும் எல்லாம் பழைய அளவுக்குத் திரும்பும். குருதியில் சேரும் குறிப்பிட்ட சில கொழுப்பமிலங்களே இதயத்தை வளரத் தூண்டுகின்றன என்று 2011 இல் கண்டறியப்பட்டது. மனித இதய நோய்களை விளங்கிக்கொள்ள இந்தப் பாம்பை ஆராய்ச்சியாளர்கள் நாடுவது அதனாலேயே. பாம்பைக் கண்டவுடன் தடியைத் தேடும் பெரியவர்களுக்கு நீங்களே இதைச் சொல்லலாம்.

கேள்வி: வங்காலைப் பகுதிக்கு வரும் பூநாரைகள் உவர்நீரில் நின்று உண்கின்றனவே, அவற்றுக்கு உப்பு ஏறாதா? ஒற்றைக் காலில் நிற்பது களைப்பைத் தராதா? (ஆசிரியர், மன்னார்)

வங்காலைச் சரணாலயம் 2008 இல் அறிவிக்கப்பட்டு, 2010 இல் ராம்சார் ஈரநிலமாகவும், அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும், ஏற்கப்பட்டது. அங்குள்ள ஆழமற்ற உவர்நீர் பூநாரைக்கு மிகவும் ஏற்றது. பறவையின் சிறுநீரகம் தனியே அவ்வளவு உப்பை வெளியேற்ற வல்லதன்று. கண்களுக்கு மேலேயுள்ள உப்புச் சுரப்பிகள் குருதியிலிருந்து உப்பைப் பிரித்துச் செறிந்த கரைசலாக மூக்குத் துளைகள் வழியே விடுகின்றன. தலையைக் கவிழ்த்து, நாக்கை வினாடிக்குப் பல முறை முன்னும் பின்னும் அசைத்து, நீரை அலகின் சீப்பு போன்ற தகடுகளூடாகத் தள்ளி, அதில் சிக்கும் சிற்றுயிர்களையும் பாசிகளையும் அது உண்கிறது. அவற்றிலுள்ள கரட்டினொயிட்டுகள் என்ற நிறப்பொருள்களே இறகுக்குச் சிவப்பைத் தருகின்றன; குஞ்சு சாம்பல் நிறமாகவே பிறக்கிறது.

ஒற்றைக் காலைப் பற்றி 2017 இல் வெளியான ஆய்வு ஒன்று தெளிவான விடை தந்தது. உயிரற்ற பூநாரையின் உடலைக் கூட ஒற்றைக் காலில், தசையின் உதவி ஏதுமின்றி, நிலையாக நிறுத்த முடிந்தது. இரு கால்களில் அவ்வாறு நிறுத்த முடியவில்லை. உடலின் எடையே மூட்டுகளை இறுக்கிப் பிடித்துவிடுவதால் ஒற்றைக் காலில் நிற்பதே அதற்கு எளிது.

கேள்வி: மன்னார் வீதிகளில் திரியும் கழுதைகள் கோடையில் எதைக் குடித்துப் பிழைக்கின்றன? (வாசகர், பேசாலை)

கழுதையின் மூதாதையர் வடகிழக்கு ஆபிரிக்காவின் பாலைநிலத்தவை. உடல் எடையில் 30 வீதம் வரை நீரை இழந்தும் அது தாங்கி நிற்கும். தண்ணீர் கிடைத்ததும் இழந்ததைச் சில நிமிடங்களுக்குள் குடித்து ஈடுசெய்துவிடும். மனிதன் அதில் பாதியளவை இழந்தாலே உயிருக்கு ஆபத்து. ஆனாலும் தாங்கும் திறன் என்பது தாகமின்மையன்று. அவற்றுக்கு ஒரு தொட்டி நீர் வைப்பவர்கள் நல்ல வேலையையே செய்கிறார்கள்.

கேள்வி: நண்பகலில் காகமும் மைனாவும் அலகைத் திறந்து மூச்சு வாங்குகின்றன. முற்றத்தில் தண்ணீர் வைக்கலாமா? (ஓய்வுபெற்ற தாதி, கிளிநொச்சி)

வையுங்கள். பறவைக்கு வியர்வைச் சுரப்பியே கிடையாது. அதன் இயல்பான உடல்வெப்பமும் 40 பாகைக்கு மேற்பட்டது. திறந்த அலகின் வழியாக விரைந்து மூச்சுவிட்டு, வாயிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கியே அது குளிர்கிறது. கழிவை நீர்த்த சிறுநீராக அல்லாமல் வெண்மையான யூரிக்கமிலக் குழம்பாக வெளியேற்றுவதால் பறவை நீரைப் பெரிதும் மிச்சப்படுத்துகிறது; ஆனால் மூச்சால் இழப்பதைக் குடித்தே ஈடுசெய்ய வேண்டும்.

அகன்ற, ஆழமற்ற மண்சட்டியை நிழலில், பூனை மறைந்திருக்க முடியாத வெளியான இடத்தில் வைத்து, நடுவில் ஒரு கல்லை இடுங்கள். சிறு குருவிகளும் தேனீக்களும் அதன்மேல் நின்று குடிக்கும். தண்ணீரை நாள்தோறும் மாற்றுங்கள். தாதியாக இருந்த உங்களுக்கு டெங்குவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை எனினும், மற்ற வாசகர்களுக்காக ஒன்றைச் சேர்க்கிறேன்: டெங்கு நுளம்பு தன் முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டி இடுகிறது, அவை காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கின்றன. ஆகவே தண்ணீரை ஊற்றிவிடுவது மட்டும் போதாது. வாரம் ஒரு முறையாவது சட்டியின் உட்புறத்தைத் தும்புத் தூரிகையால் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும்.